செம்புக் குடமும் நனோ செம்பும்

ஊரில் கிணற்றுத் தண்ணீரைச் செம்புக் குடத்தில் நிறைத்து வைத்து, மறுநாள் குடித்த பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அது வெறும் நம்பிக்கை அல்ல. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பக்ரீரியாக்கள் கலந்த நீரைச் செம்புப் பானையில் 16 மணித்தியாலம் வைத்தபோது அவை அழிந்தன என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். நீரில் கரைந்த செம்பும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டவில்லை.

மெல்பேர்ண் குழாய்நீர் ஏற்கனவே சுத்திகரிக்கப்பட்டது என்பதால், இங்கே செம்புப் போத்தல் ஆசைக்குத்தான். ஆசைக்கு வைத்திருப்போர் அதில் எலுமிச்சைச் சாறு, மோர், புளிக்கரைசல் ஊற்ற வேண்டாம். புளிப்பில் செம்பு அதிகம் கரையும். வாந்தி, வயிற்றுவலி வரலாம். வில்சன் நோய் உள்ளவர்கள் செம்புப் பாத்திரத்தையே தவிர்க்க வேண்டும்.

இப்போது இணையத்தில் 'நனோ செம்பு' என்று துளிமருந்துகளும் விற்கிறார்கள். இதுவும் பாட்டியின் குடமும் ஒன்றல்ல. நனோ துணிக்கை என்பது 100 நனோமீற்றருக்கு உட்பட்டது. ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சம் நனோமீற்றர் உண்டு! கற்கண்டைவிடத் தூள்சீனி சீக்கிரம் கரைவதுபோல, செம்பு நுண்ணியதாகும்போது அதன் மேற்பரப்பு பெருகி வேகமாகத் தாக்கம் புரிகிறது. கிருமிகொல்லிப் பூச்சுகளுக்கும் மின்சுற்று அச்சிடும் மைகளுக்கும் இதைப் பயன்படுத்துவது அதனால்தான். ஆபத்தும் அங்கேதான். 2006இல் சீன விஞ்ஞானிகள் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 17 மைக்ரோமீற்றர் செம்புத்தூள், உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 5,000 மில்லிகிராம் கொடுத்தும் பாதி எலிகள்கூட இறக்கவில்லை. 23.5 நனோமீற்றர் தூளில் பாதி இறக்க 413 மில்லிகிராமே போதுமாயிற்று. சிறுநீரகம், ஈரல், மண்ணீரல் பழுதடைந்தன. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வைத்தியரைக் கேட்காமல் இதைக் குடிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

டண்டினொங் தொழிற்சாலைகளில் உலோகத்தூளோடு வேலை செய்யும் நம்மவர்கள் இதையும் கவனியுங்கள். உலர்ந்த நனோ செம்புத்தூள் காற்றில் பறக்கும், தீப்பற்றவும் கூடும். பாதுகாப்புத் தரவுத்தாளை மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்; அதைக் காட்டுவது அவரது கடமை. பொருத்தமான சுவாசக் கவசம், கையுறை அணியுங்கள். தூளை விளக்குமாற்றால் கூட்டவோ காற்றடித்து ஊதவோ வேண்டாம். மிச்சத்தைச் சிங்கில் ஊற்றாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. வேலை உடுப்போடு வந்து பிள்ளைகளைத் தூக்காமல், முதலில் உடை மாற்றிக் கை முகம் கழுவுங்கள். யாராவது தவறுதலாக விழுங்கிவிட்டால் நஞ்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 இல் எந்நேரமும் அழைக்கலாம். மூச்சுத்திணறல் என்றால் உடனே 000.