வரிமீன் சொன்ன தோல் கணக்கு

மனிதத் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் ஏறக்குறைய ஒன்றே. அவை செய்யும் வேலைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

மெலனோசைட்டை, எடுப்புச் சாப்பாடு அனுப்பும் மெஸ் எனலாம். சுற்றியிருக்கும் சுமார் 36 தோல் செல்கள் அதன் வாடிக்கை வீடுகள். மெலனோசோம் என்ற நுண்பைகளே கேரியர்கள். கறுத்த தோலில் கேரியர்கள் பெரியவை, தனித்தனியாக வந்து சேரும், நெடுநாள் காலியாகாது. வெளுத்த தோலில் அவை சிறியவை; நாலைந்தாகக் கட்டி வரும்; சீக்கிரம் தீர்ந்துவிடும். வாங்கிய வீடுகள் சாப்பாட்டை உடனே தொடுவதில்லை. கேரியர்களைத் தங்கள் உட்கருவின் தலைமேல் கூரைபோல் அடுக்கி, டி.என்.ஏ.வைப் புறஊதாக் கதிரிலிருந்து காத்துக்கொள்கின்றன. தோல் கறுப்பதன் பயன் இந்தக் கூரைதான்.

கேரியரின் அளவைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றை 2005-இல் ஒரு மீன் காட்டிக்கொடுத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் செங் குழுவினர் 'கோல்டன்' என்னும் வெளிறிய வரிமீனை ஆராய்ந்தனர். அதன் மெலனோசோம்கள் சிறுத்து, குறைந்து, வெளிறியிருந்தன. எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணு பழுதானதே காரணம். அதே மரபணுவின் மனித ஆர்.என்.ஏ.வைக் கோல்டன் மீனின் கருவுக்குள் செலுத்தியதும் கருநிறம் திரும்பியது! மீனும் மனிதனும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் புரதம் வேலையை மறக்கவில்லை.

இப்புரதத்தின் 111-ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின் வந்தால் தோல் வெளுக்கும். ஐரோப்பியரில் ஏறத்தாழ எல்லாரிடமும் இந்த மாற்றம் உண்டு. கிழக்காசியரிடம் அரிது, அவர்கள் தோல் வெளுத்தது வேறு மரபணுக்களால். ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யின் விஞ்ஞானிகள் பங்கேற்ற 2013 ஆய்வு, தெற்காசியரிடமும் ஐரோப்பியரிடமும் இருப்பது ஒரே மூதாதையிடமிருந்து வந்த மாற்றம் எனக் காட்டியது. ஆய்வுக்குட்பட்ட தென்னிந்தியரின் நிற வேறுபாட்டில் அந்த மாற்றம் விளக்கியது 27 சதவீதம்தான். இதற்குச் 'சிவப்பழகு மரபணு' என்று பட்டம் சூட்டுவது பெருந்தவறு.

இந்தத் தவறு பழையது. 1913-இல், இனமேம்பாட்டுவாதம் பரப்பிய சார்லஸ் டேவன்போர்ட் தோல் நிறத்தை இரண்டே மரபணு இணைகளில் அடக்கிவிட்டார். நிறத்தில் கைவைக்கும் மரபணுக்கள் நூற்றுக்கு மேல் என்பது இன்றைய கணக்கு.

முடியின் நிறமும் மெலனின் வேலைதான்; ஆனால் அங்கே வகை முக்கியம். எம்.சி.1.ஆர் ஏற்பி சரியாக இயங்கினால் கரிய யூமெலனின் உருவாகும். அதன் மரபணுவின் இரு பிரதிகளும் பலவீனமானால் செந்நிற ஃபியோமெலனின் மிகுந்து முடி செம்பட்டையாகும். பசிபிக்கின் சாலமன் தீவுகளில் கதை வேறு. அங்கே 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பொன்னிற முடி. ஐரோப்பிய மாலுமிகளின் வழி வந்தது என்றும், மீனும் வெயிலும் செய்த வேலை என்றும் பேசப்பட்டது. 2012-இல் டி.ஒய்.ஆர்.பி.1 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. ஐரோப்பியரிடம் அந்த மாற்றம் இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குழந்தைக்கு முடி மட்டும் பொன்னிறமாகிறது. தோல் கறுப்பாகவே இருக்கிறது.