டிராக்டர் கொக்கி ஆடுதா? அடுத்த நடைக்கு முன் பாருங்கள்

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ டிராக்டர் கடன்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆர்.சி. புத்தகம், காப்பீடு, நிலப்பத்திரம் எல்லாவற்றையும் வரி விடாமல் பார்ப்பேன். வண்டிக்குப் பின்னால் குனிந்து, டிரெய்லரை இழுக்கிற கொக்கியை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று, சொந்த ஊரில் நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம் ஆரம்பித்த பிறகும் பார்க்கவில்லை. அதற்கான பாடத்தை என் டிரெய்லரே எனக்கு நடத்தியது.

நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகளுக்கு டிரெய்லர் ஓட்டம் அதிகம். யூரியா மூட்டை என்றால் பைக்கில் வந்துவிடும். தொழு உரம், ஆட்டு எரு, கண்மாய் வண்டல், மூடாக்குக்கு இலை தழை என்று நமக்கு எல்லாமே நடை நடையாக வர வேண்டியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஆடி மாதம், தொழு உரம் அடித்துக்கொண்டிருந்தோம். பழைய டிராக்டர், இரண்டு சக்கர டிரெய்லர். ஓட்டுகிற தம்பி ஒரு வாரமாகவே, "சார், பின்னாடி கொக்கி ஆடுது, லேத்துக்கு ஒரு தடவ போயிட்டு வந்துரலாம்"னு சொல்லிக்கொண்டிருந்தார். "எரு அடிச்சு முடியட்டும் தம்பி, பாத்துக்கலாம்"னு சொன்னவன் நான்தான். பின் மேலே எழும்பாமல் பூட்டுகிற சின்ன கிளிப் எப்போதோ தொலைந்துபோய், அந்த ஓட்டையில் ஒரு ஆணியை வளைத்து மாட்டியிருந்தோம்.

கண்மாய்க் கரை ஏறுகிற இடத்துக்கு முன்னாலேயே, எரு மேல் உட்கார்ந்து வந்த இரண்டு அக்காமாரும், "வண்டி ஒரு மாதிரி இடிக்குது சார், நாங்க நடந்தே வர்றோம்"னு இறங்கிவிட்டார்கள். பாதி ஏற்றத்தில் தம்பி கியர் மாற்றினார். ஒரு குலுக்கல். ஆணி உடைந்து, பின் மேலே எழும்பி வெளியே வந்துவிட்டது. டிரெய்லர் பின்பக்கமாக இறங்கி, ஒரு பனைமரத்தில் மோதி நின்றது. பின்னால் நடந்து வந்த இருவரும் ஓரத்தில் பாய்ந்ததால் பிழைத்தார்கள். அதில் ஒருவர் விழுந்த வேகத்தில் மணிக்கட்டு எலும்பு விரிந்துபோனது. ஆறு வாரம் வேலைக்கு வர முடியவில்லை. வைத்தியத்தையும் கூலியையும் கொடுத்தேன். அந்தப் பயத்துக்கு என்ன கொடுத்து ஈடு கட்டுவது? வண்டியின் சத்தத்தை அவர்கள் கேட்டார்கள், நான் கேட்கவில்லை.

பிறகுதான் லேத் பட்டறையில் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வகை ஆட்டம்

டிரெய்லர் வளையத்துக்கும் பின்னுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். வரப்பு, பள்ளம், திருப்பம் வரும்போது டிராக்டர் ஒரு பக்கமும் டிரெய்லர் ஒரு பக்கமும் சாயும். அங்கே இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று முறியும். இந்த ஆட்டம் வேண்டியது.

கழற்றி மாட்டுகிற கொக்கி, டிராக்டரின் உடம்போடு போல்ட்டில் சேர்கிற இடம் இருக்கிறதே, அங்கே துளிகூட ஆட்டம் கூடாது. அங்கே ஆடினால் நோய் ஆரம்பம் என்று அர்த்தம்.

ஆட்டம் தானாக வளரும். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும், பிரேக் போடும்போதும் டிரெய்லர் இழுப்பதற்குப் பதிலாகச் சுத்தியல் மாதிரி அடிக்கும். அந்த அடியில் ஓட்டை முட்டை வடிவமாகும், பின் நடுவில் தேய்ந்து இடுப்பு மாதிரி ஒடுங்கும். இடைவெளி கூடக்கூட அடியும் பலமாகும். வட்டிக்கு வட்டி மாதிரிதான், சொல்லாமல் கொள்ளாமல் ஏறும்.

எப்படிப் பார்ப்பது?

சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டிரெய்லரைக் கழற்றுங்கள். மண்ணையும் கிரீஸையும் துடைத்துவிட்டு, கடப்பாரையைக் கொடுத்துக் கொக்கியை மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள்.

போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருத்தூள் கசிந்திருந்தால் உள்ளே உரசல் நடக்கிறது. கொக்கித் தகடும் டிராக்டர் உடம்பும் சேருகிற இடத்தில் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு இரண்டு நடை ஓட்டுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் கொக்கி நகர்கிறது. பின்னையும் ஓட்டையையும் வெர்னியரால் அளக்கலாம். பின் நடுவில் எவ்வளவு, முனையில் எவ்வளவு என்று பார்த்தாலே தேய்மானம் தெரிந்துவிடும். வெல்டிங் ஓரங்களில் முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்ன செய்வது?

போல்ட் லூஸாக இருந்தால் அப்படியே இறுக்கிவிட்டுப் போகக்கூடாது. ஆடின போல்ட் ஏற்கெனவே அடிபட்ட போல்ட். கழற்றுங்கள், சேரும் பரப்பைச் சுத்தம் செய்யுங்கள், மரை தேய்ந்ததையும் வளைந்ததையும் மாற்றுங்கள். போல்ட் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பார்கள். அது அதன் வலிமை எண். பழையதில் என்ன எண்ணோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள். எண்ணே இல்லாத சாதா போல்ட் இந்த வேலைக்கு ஆகாது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். புது போல்ட் போட்ட முதல் நாள் மாலையில் மறுபடியும் ஒரு தடவை பாருங்கள்.

பின் தேய்ந்திருந்தால் மாற்றுவது ஒன்றுதான் வழி. கட்டடக் கம்பியை வெட்டிச் சொருகக் கூடாது. தலையுள்ள, சரியான தடிமனுள்ள பின்னாக இருக்க வேண்டும். அதைப் பூட்டுகிற கிளிப்பும் கூடவே வேண்டும். ஆணியும் கட்டுக்கம்பியும் பூட்டு ஆகாது. கிளிப்பை ஒரு சின்ன சங்கிலியில் கோர்த்து வண்டியோடு கட்டிவிட்டால் தொலையாது.

ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் லேத்தில் கொடுத்துப் பெரிதாக்கி, புஷ் போட்டுச் சரியான அளவுக்குக் கொண்டுவரலாம். ஓட்டையைச் சுற்றி இரும்பு மெலிந்துவிட்டால் கொக்கியையே மாற்றுங்கள்.

செய்யக்கூடாத ஒன்று: ஆடுகிற கொக்கியை டிராக்டர் உடம்போடு வெல்டிங் அடிப்பது. அந்த உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூட்டில் விரிசல் விடும். அப்புறம் செலவு கொக்கியோடு நிற்காது. தகரத்தை மடித்து ஆப்பு வைப்பதும் சத்தத்தைத்தான் அடக்கும், ஆபத்தை அல்ல.

எங்கிருந்து இழுக்கிறோம்?

கலப்பை மாட்டுகிற கீழ் லிங்க் இரண்டுக்கும் குறுக்கே ஓட்டைகள் உள்ள ஒரு பட்டையைப் போட்டு, அதில் டிரெய்லரை மாட்டி இழுப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஹைட்ராலிக் கொஞ்சம் தூக்கினாலும் இழுக்கும் இடம் மேலே போய்விடும். பின் அச்சின் உயரத்துக்கு மேலிருந்து பாரம் இழுத்தால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஏற்றத்தில் வண்டி மல்லாந்து ஓட்டுபவர் மேலேயே விழலாம். டிரெய்லருக்கென்று கம்பெனி கொடுத்திருக்கும் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள்.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் ஏற்றும்போது முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். பின்னால் குவித்தால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கி, பின்னைக் கீழிருந்து இடிக்கும். எங்களுக்கு நடந்ததில் இதுவும் சேர்ந்திருந்தது. எருவை இறக்க வசதி என்று பின்பக்கமே குவித்திருந்தோம்.

கொக்கியோடு ஒரு தடித்த பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். திரும்ப இடம் இருக்க வேண்டும், தரையில் உரசக் கூடாது. பின் போனாலும் டிரெய்லர் தனியாக ஓடாது.

மாட்டும்போது, டிராக்டர் பின்னால் வருகையில் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. வண்டி நின்ற பிறகு போய்ப் பின்னைச் சொருகுங்கள். ஓடும் வண்டியின் கொக்கிக் கம்பியில் பிள்ளைகள் தொற்றிக்கொண்டு வருவதையும் நிறுத்துங்கள். விவசாய டிரெய்லர் சரக்குக்கானது, ஆள் ஏற்ற அதற்கு அனுமதி கிடையாது. எரு மேல் ஆட்களை உட்கார வைத்த தப்பை நானும் செய்தேன். இப்போது செய்வதில்லை.

லேத்தில் எனக்கு ஆன செலவு, அந்த அக்காவின் இரண்டு வாரக் கூலியைவிடக் குறைவு. இப்போது எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம். காலையில் முதல் நடைக்கு முன் பின், கிளிப், போல்ட், சங்கிலி நான்கையும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ரெண்டு நிமிஷ வேலை. "ஆடுது"னு யார் சொன்னாலும், தம்பியானாலும் களை எடுக்க வரும் அக்காவானாலும், அன்றைக்கு வண்டி நின்றுவிடும். எரு ஒரு நாள் தாமதமானால் பயிர் பொறுத்துக்கொள்ளும்.