செப்டிக் டேங்க் சுத்தம்: வீட்டுக்காரர்களின் பொறுப்பு என்ன?

நோன்பும் பெருநாளும் நெருங்கினால் நம் வீடுகளில் வெள்ளையடிப்பது, குழாய் பழுது பார்ப்பது, தொட்டி கழுவுவது என வேலைகள் வரிசையாக வந்துவிடும். இவற்றில் மிக ஆபத்தானதைத்தான் நாம் மிகச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அது செப்டிக் டேங்க் சுத்தம். கரிவலம்வந்தநல்லூர் போன்ற கிராமப்புற ஊர்களில் பெரும்பாலான வீடுகளின் கழிவுநீர் இந்தத் தொட்டியில்தான் சேர்கிறது. அது நிரம்பியதும், "யாராவது ஆளைக் கூப்பிட்டு இறங்கச் சொல்லுங்க" என்ற பேச்சு எழுகிறது.

2019 மார்ச் மாதம் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் விஷவாயு தாக்கி 6 பேர் இறந்தனர். அவர்களில் ஒரு தந்தையும் அவருடைய இரண்டு மகன்களும் அடக்கம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது?

மூடிய தொட்டியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வாயுக்கள் உருவாகின்றன. ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடும்போது மூக்கின் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். எனவே "நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று நினைப்பது தவறு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆபத்து. மீத்தேன் தீப்பிடித்து வெடிக்கும்.

புதிதாகக் கட்டிய தொட்டியும் விதிவிலக்கல்ல. பல நாள் மூடிக் கிடந்த தொட்டியில் ஈரப் பலகைகள் மக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் குறைந்துவிடும். சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். தண்ணீர் சேமிக்கும் சம்ப் தொட்டியிலும் இதே ஆபத்து உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. மீறுவோருக்கு முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் இதில் சிக்குவார். இத்தகைய மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நமக்குக் கீழே வேலை செய்பவர்கள் மீது அவர்களால் தாங்க முடியாத சுமையை ஏற்றக்கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் இரவு உறங்குவதைக்கூட அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. தன் வீட்டு மாடியில் தூங்குபவரின் பாதுகாப்பையே கவனிக்கச் சொன்ன மார்க்கம், கூலிக்கு வந்தவரின் உயிரை விட்டுவிடுமா? "அவரே சம்மதித்துத்தானே இறங்கினார்" என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. வறுமையால் தரும் சம்மதம், நம் பொறுப்பை நீக்காது. அவர் எந்தச் சாதி, எந்த மதத்தவர் என்பதாலும் இந்தப் பொறுப்பு குறையாது.

நாம் செய்ய வேண்டியவை

* தொட்டி நிரம்பி வழியும்வரை காத்திருக்காமல், 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற கழிவுநீர் லாரி மூலம் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். இதற்கான உதவி எண் 14420.
* அடியில் சேறு தங்கினால் தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி, குழாய் வழியாகவே எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள்.
* மூடியைத் திறந்து போட்டுவிட்டு நகராதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.
* யாராவது உள்ளே மயங்கி விழுந்தால், பாசத்தில் பின்னாலேயே குதிக்காதீர்கள். உடனே தீயணைப்புத் துறையை 101-லும், ஆம்புலன்ஸை 108-லும் அழையுங்கள்.

லாரிக்குக் கொடுக்கும் பணம் சிலருக்குப் பாரமாக இருக்கலாம். அத்தகைய வீடுகளுக்கு ஜமாஅத்தார் கைகொடுக்கலாம். ஒரு தெருவினர் சேர்ந்து ஒரே நாளில் லாரியை வரவழைத்தால் செலவைக் குறைத்துப் பேசலாம். ஜும்ஆவுக்குப் பிறகு இமாம்கள் இதை இரண்டு நிமிடம் அறிவித்தாலே பல வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

நம் வீட்டைச் சுத்தமாக்க வந்தவர், மாலையில் தன் பிள்ளைகளிடம் நலமாகத் திரும்ப வேண்டும். அதை உறுதி செய்வது நம் கடமை. வல்ல அல்லாஹ் நம்மையும் நமக்காக உழைப்பவர்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.