ஓரம் படிந்தால் சாயம் நிற்கும்

டிஸ்க் கோல்ஃப் தட்டில் படம் வேண்டுமென்றால் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகலாமே, எதற்குச் சாயம் ஏற்றுவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டீ ஆறுவதற்குள் அதற்குப் பதில் சொல்லிவிடலாம். செய்முறையைச் சொல்ல இன்னொரு டீ வேண்டும்.

பந்தைக் குழியில் தள்ளுவதற்குப் பதிலாக, சங்கிலி தொங்கும் கூடைக்குள் தட்டை வீசும் ஆட்டம்தான் டிஸ்க் கோல்ஃப். அந்தக் கூடையை 1970களில் அமெரிக்காவில் வடிவமைத்தவர் எட் ஹெட்ரிக். 1976இல் அவர் தொடங்கிய பிடிஜிஏ சங்கம்தான் இன்றும் ஆட்டத்துக்கு விதி வகுக்கிறது. கைக்குத் தட்டுப்படும் தடிமனில் தட்டின்மேல் எதையும் சேர்க்கக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. அதனால் ஸ்டிக்கர் ஒட்டிய தட்டைப் போட்டியில் வீச முடியாது. சாயம் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே போய்விடுவதால் விரலால் தடவினாலும் தெரியாது. சாயமேற்றும்போது நாமும் ஸ்டிக்கர் தாளான வினைலை ஒட்டுவோம், ஆனால் அது உரிப்பதற்காகத்தான். அது மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். திறந்த இடத்தில் நிறம் ஏறும்.

மறைத்துச் சாயமேற்றுவது நமக்குப் பழகிய வித்தைதான். மதுரைச் சுங்குடியில் துணியைக் கிள்ளி முடிச்சுப் போடுகிறார்கள்; முடிச்சுக்குள் சாயம் போகாமல் புள்ளி விழுகிறது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக நெய்த கோடாலிக்கருப்பூர்ச் சேலையில் அந்த வேலையை மெழுகு செய்தது. தட்டில் அதை வினைல் செய்கிறது.

முதலில் தட்டு. எல்லாத் தட்டும் சாயம் குடிக்காது. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் என்னும் தட்டு வீசும் அணி ஆட்டம் ஆடுபவர்களின் 175 கிராம் தட்டு பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் நிறம் பிடிக்காது. டிஸ்க் கோல்ஃபில் விலை கூடிய ரகத் தட்டுகள் பாலியூரித்தேனால் ஆனவை. அவை நன்றாகக் குடிக்கும். சாயமும் துணிக்கடைப் பருத்திச் சாயம் ஆகாது. டிஸ்பர்ஸ் சாயம் என்று கேட்க வேண்டும். தண்ணீரில் கரையாமல் நுண்துகளாக மிதந்து, சூடு பட்டதும் பிளாஸ்டிக்குக்குள் புகுந்துகொள்ளும் வகை அது. 1920களில் அசிட்டேட் இழைக்காகக் கண்டுபிடித்தார்கள். இன்று சூரத்துப் பாலியஸ்டர் சேலைகளுக்கு நிறம் தருவதும் அதுதான்.

அடுத்தது வினைல். திருவனந்தபுரத்தில் இதற்கு அலைய வேண்டியதில்லை. கேரளத்தில் சுற்றுலாப் பேருந்துகளுக்கு வெள்ளை நிறம் 2022 அக்டோபரில் கண்டிப்பாக அமலாகும்வரை, அவற்றின் பக்கவாட்டை நிறைத்த படங்களில் வினைல் வேலை ஏராளம். வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் ரோலும் இருக்கும், வெட்டும் இயந்திரமும் இருக்கும். இரண்டு விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, சுவர் அலங்காரத்துக்கு வரும் எளிதில் உரியும் ரகம் வேண்டாம், வண்டிக்கு ஒட்டும் கெட்டிப் பசை ரகம் வேண்டும். இரண்டு, பிளேடு வினைலை மட்டும் வெட்ட வேண்டும், அடித்தாளைத் தொடக் கூடாது. ஓரத்தில் சின்னச் சதுரம் ஒன்றை வெட்டி உரித்துப் பார்த்தால் பிளேடின் ஆழம் சரியா என்று தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்தில் பெயர் போட விரும்புகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மூட்டைக்கும் லாரிக்கும் எழுத வெட்டிய தகர அச்சில் ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடாமல் இருக்கக் குறுக்கே பாலம் விட்டாக வேண்டும். எழுத்து அங்கங்கே அறுந்து தெரியும். வினைலில் அந்தச் சுழித்துண்டு தன் பசையிலேயே உட்கார்ந்துகொள்ளும். பாலமே வேண்டாம், எழுத்து முழுசாக விழும். துண்டுகள் இடம் மாறாமல் அடித்தாளிலிருந்து தட்டுக்குப் போக, மேலே டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டித் தூக்க வேண்டும்.

ஒட்டுமுன் தட்டைச் சுத்தம் செய்யுங்கள். கம்பெனி முத்திரையை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தால் வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, கடைசியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். அதன்பின் தட்டின் முகத்தில் விரல் படக் கூடாது, ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில்தான் பசை முதலில் விடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் ஊர் திருவனந்தபுரம். துடைத்த தட்டிலும் ஈரம் படியும். மழை நாளில் ஃபேனுக்கடியில் நன்றாக உலரவிட்டு ஒட்டுங்கள். ஏசி அறை கிடைத்தால் இன்னும் நல்லது.

தட்டின் முகம் சமதளமாகத் தெரிந்தாலும் நடுவில் மெல்லிய மேடு உண்டு. ஒரு பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு போனால் மறுபக்கம் சுருக்கம் விழும். தோசைமாவை நடுவில் ஊற்றி வெளியே இழுப்பதுபோல, நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி அழுத்திச் செல்லுங்கள். படத்துக்கு வெளியே உள்ள வெற்று வினைலில் கத்தரியால் நாலைந்து கீறல் போட்டால் சுருக்கம் அங்கே போய் அடங்கும். கீறிய இடம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடியிருக்கட்டும்.

குமிழி வந்தால் குண்டூசியால் குத்தாதீர்கள். வண்டி ஸ்டிக்கரில் அது சரி. இங்கே அந்தத் துளை வழியே சாயம் இறங்கிக் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். வினைலின் நடுவில் உள்ள குமிழியால் கெடுதல் இல்லை, அப்படியே விடுங்கள். வெட்டின் ஓரத்தில் இருந்தால் மட்டும் விரலால் உள்பக்கமாகத் தள்ளிவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், தன்மேலேயே மடித்துத் தட்டோடு ஒட்டினாற்போல் மெதுவாக உரியுங்கள். அதன்பின் ஒவ்வொரு ஓரத்தையும் நகத்தின் முதுகாலோ கரண்டியின் முதுகாலோ மறுபடி அழுத்துங்கள். ஓரம் படிந்த இடத்தில் வினைலைச் சுற்றித் தெரியும் வெளிறிய கோடு மறைந்துவிடும். அந்தக் கோடு காற்று இருப்பதன் அடையாளம். காற்று போகும் வழியில் சாயமும் போகும். பிறகு ஓர் இரவு விட்டுவிடுங்கள். இந்த வகைப் பசை ஒட்டியவுடன் முழுப் பிடிமானம் பெறாது, மணிக்கணக்கில் ஊறித்தான் இறுகும்.

மறுநாள் சாயம். சமையலுக்கு இனி வேண்டாத அகலப் பாத்திரத்தில், கொதிநிலைக்கு நன்றாகக் கீழே, 60 டிகிரிப் பக்கம் சூடான சாயநீரில் தட்டின் முகம் மட்டும் படும்படி வையுங்கள். சூடு கூடினால் தட்டு கோணும், பசையும் இளகும். சாயம் சீக்கிரம் பிடிக்கட்டும் என்று சிலர் அசிட்டோன் சேர்ப்பார்கள். அது பசையைக் கரைக்கும், சூட்டில் தீயும் பிடிக்கும். கிட்டவே கொண்டுவராதீர்கள். நிறம் போதுமென்றால் எடுத்து, குளிர்ந்த நீரில் தெளியும்வரை கழுவி, அதன்பிறகே வினைலை உரியுங்கள். பசை மிச்சமிருந்தால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பு போட்டால் போதும்.

பல நிறம் வேண்டுமென்றால் வரிசை முக்கியம். மெழுகுச் சாயத்தில் வெளிர் நிறத்தை முதலில் ஏற்றி, அதை மெழுகால் மூடிவிட்டு அடர்நிறத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இடத்தை மூடிக்கொண்டே போகும் முறை அது. நாம் திறந்துகொண்டே போகிறோம், ஆகவே வரிசை தலைகீழ். எல்லா நிறத்துக்குமான வெட்டையும் ஒரே தாளில் போட்டு ஒட்டி, கறுப்புக்கான துண்டை முதலில் உரித்துக் கறுப்பேற்றுங்கள். அடுத்து சிவப்புக்கான துண்டு, கடைசியில் மஞ்சள். கறுப்பின்மேல் மஞ்சள் பட்டாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மஞ்சளின்மேல் கறுப்பு பட்டால் திரும்ப வழியில்லை.

முதல் தட்டுக்கு ஒரே நிறமும் தடித்த கோடும் போதும். உங்கள் பெயரின் முதலெழுத்தையே வெட்டிப் பாருங்கள். சாயத்துக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரம் முழுவதையும் துடைப்பதற்கும் ஓரம் அழுத்துவதற்கும் கொடுங்கள். ஏறிய சாயத்தைத் திரும்ப எடுக்க முடியாது; வினைல் சரியாகப் படியவில்லை என்றால் உரித்து இன்னொன்று வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். திருத்த வேண்டியதையெல்லாம் அந்தக் கட்டத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள்.