வீட்டு ஜெனரேட்டருக்குக் கம்பி இழுக்கும் முறை

30-12-2011 காலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, கடலூர் ஜில்லாவில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் மீள நாட்கள் பல ஆயின. இத்தகைய அனுபவமுள்ள பரங்கிப்பேட்டைக் கரையோரத்தில், வசதியுள்ள குடியானவர் ஒரு சிறு ஜெனரேட்டர் வைத்துக்கொள்வது வீண் செலவன்று. எனினும் இயந்திரத்தை விலைபேசுவதிற் காட்டும் சிரத்தையிற் கால் பங்கேனும் அதிலிருந்து வீட்டிற்குக் கம்பி கொண்டுவருவதிற் காட்டப்படுவதில்லை.

இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒயரைச் சுவரிற் செருகி, வீடு முழுவதும் விளக்கேற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மெயின் ஸ்விட்சை அணைக்க மறந்தால், அம்மின்சாரம் வீட்டோடு நில்லாமல் தெருக் கம்பிக்கும் ஏறிவிடும். 11,000 வோல்ட்டைத் தாழ்த்தி வீடுகளுக்குத் தரும் டிரான்ஸ்பார்மர், எதிர்ப்புறத்திலிருந்து 230 வோல்ட் வந்தால் அதனை அதே விகிதத்தில் உயர்த்தி மேற்கம்பிக்கு அனுப்பவும் வல்லது. தெரு முழுவதையும் சிறு இயந்திரம் தாங்காது, தானே நின்றுவிடும் என்று சிலர் சமாதானம் சொல்லுவர். கம்பிகள் முழுமையாக உள்ள காலத்தில் இது பெரும்பாலும் மெய்யே. ஆனால் புயலில் கம்பி அறுந்தபின் வீட்டோடு சேர்ந்து நிற்பது ஒரு துண்டே. அதற்கு விசையேற்ற எந்த இயந்திரமும் தயங்காது. அத்துண்டைக் கையிலெடுத்துக் கட்ட வருபவரோ, மின்சாரம் நின்றிருப்பதாக நம்பிவரும் லயன்மேன்.

இதற்குப் பரிகாரம் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சு ஒன்றே. மீட்டருக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் பின்னால், வீட்டு விநியோகப் பெட்டிக்கு முன்னால் இதனை அமைக்கவேண்டும். இதன் கைப்பிடி ஒரு புறம் தெரு மின்சாரத்தையும், மறுபுறம் ஜெனரேட்டரையும் சேர்க்கும். நடுவில் நின்றால் இரண்டும் விலகும். இரண்டும் ஒருங்கே சேர வழியே இராது. ஒருமுனை இணைப்புக்கு இரு துருவமும், மும்முனை இணைப்புக்கு நான்கு துருவமும் உள்ளதை வாங்கவேண்டும். நியூட்ரலை மாற்றாது பேஸ் கம்பியை மட்டும் மாற்றுவது சிக்கனமாகத் தோன்றலாம், அது அரைவேலை. பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைப்பது பரிகாரமே அன்று. இருட்டில் வேறொருவர் அதைத் திரும்பச் செருகிவிடுவார்.

குழாய் விஷயத்தில் கடற்கரைக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். உப்புக்காற்று இரும்புக் குழாயை அரித்துவிடுமாதலால், கனமான பி.வி.சி. குழாயே இங்கு ஏற்றது. வெயில் நேரே படுமிடத்தில் மறைப்பு அவசியம். இரும்புக் குழாயையே இடநேர்ந்தால், போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒரே குழாயில் இடவேண்டும். பிரித்து இட்டால் குழாய் சூடேறும். கம்பிகள் குழாயின் உட்பரப்பில் 40 சதவிகிதத்திற்கு மேல் நிறையலாகாது. இயந்திரம் அதிருமாகையால் அதனை ஒட்டிய கடைசிப் பகுதிக்கு வளையும் குழாய் இடுக. குழாயைப் பெட்டிக்குள் கீழ்ப்புறமாக நுழைத்தால் மழைநீர் வழிந்து உட்புகாது. வெள்ளாற்று நீர் ஏறிய வீடுகளில், ஏறிய அடையாளத்திற்கு மேலாகவே ஸ்விட்சுப் பெட்டியை நிறுத்தவேண்டும்.

5 கே.வி.ஏ. இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 22 ஆம்பியர் தரும். இருபது மீட்டர் தூரம் வரை 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், நாற்பது மீட்டர் வரை 6 சதுர மில்லிமீட்டரும் போதுமானவை. இயந்திரத்தின் உடலை எர்த் கம்பியாற் பூமியோடு சேர்ப்பது தவிர்க்கவொண்ணாதது. உப்பு மண்ணில் எர்த் குழாய் விரைவில் அரிக்கப்படுமாதலால், ஐப்பசிக்கு முன் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்க. இவ்வேலை அனைத்தும் உரிமம் பெற்ற ஒயர்மேனைக்கொண்டே செய்விக்கத்தக்கது.

இயந்திரத்தை வீட்டினுள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டலாகாது; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையின்றியே உயிர்கொல்லும்.

மும்முனை பம்புசெட்டு உடையவர், பேஸ் வரிசை மாறினால் மோட்டார் எதிராகச் சுழலும் என்பதை மனத்திற்கொண்டு, முதல்முறை இயக்குகையில் சுழலும் திசையைப் பார்த்துக்கொள்வது நலம்.

கிராம அதிகாரிகள், தங்கள் எல்லையில் ஜெனரேட்டர் உள்ள வீடுகளின் பட்டியலைப் புயற்காலத்திற்கு முன்பே மின்விநியோகப் பிரிவு அலுவலகத்திற் கொடுத்துவைத்தால், கம்பம் ஏறுவோர் எந்தத் தெருவில் முதலில் சோதிக்கவேண்டும் என்பதை அறிந்து வருவர்.