ஏர்மாடா, வண்டிமாடா? – சிறு நிலத்துக்கு ஏற்ற டிராக்டர்

மாடு வாங்கச் சந்தைக்குப் புறப்படும் உழவர் முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்வார். தமக்கு வேண்டுவது ஏர்மாடா, வண்டிமாடா என்பதே அது. சேற்றில் கால் பதித்து இழுக்கப் பழகிய மாடு வேறு. பாரம் ஏற்றிய வண்டியோடு மேடு ஏறி, பள்ளத்தில் வண்டியைத் தாங்கி இறங்கப் பழகிய மாடு வேறு. இந்தத் தெளிவு இல்லாமல் கொம்பின் அழகையும் திமிலின் உயரத்தையும் பார்த்து விலை பேசுபவரை ஊரார் நகையாடுவர். டிராக்டர் வாங்கப் புறப்படுவோரிடம் இந்தத் தெளிவு பெரும்பாலும் இருப்பதில்லை. 'எத்தனை குதிரைத் திறன்?' என்ற ஒரு வினாவோடு அவர்கள் நின்றுவிடுகின்றனர்.

டிராக்டர் என்னும் சொல்லே இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது. இழுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. இலங்கைத் தமிழர் அதனை உழவு இயந்திரம் என்பர். தமிழில் இழுவை என வழங்குவதும் உண்டு. உழவு இயந்திரம் என்பது அது செய்யும் ஒரு வேலையைச் சுட்டும் பெயர். இழுவை என்பது அதன் இயல்பைச் சுட்டும் பெயர். உழுவதும் இழுப்பில் ஒரு வகையே அன்றி, இழுப்பு எல்லாம் உழவு ஆகாது.

இவ்வேறுபாடு நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. சிரம்பானை ஒட்டிய தெமியாங்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் போன்ற இடங்களில் நிலம் மேடும் சரிவுமாக அமைந்தது. மழை மிகுதி, மண் செம்மண். முன்பு ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரந்து கிடந்த தோட்டங்கள் பல 1950களில் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1951 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த இந்தத் துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். தொழிலாளர் சிறு தொகை சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்கென்று துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தோன்றியதும் அந்தச் சூழலில்தான்.

தோட்டம் துண்டானபோது யந்திரத்தின் அளவும் மாறியிருக்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர் கண்ணுக்குப் பழகிய அளவு, தோட்டத்து டிராக்டரின் அளவே. ஐந்து ஏக்கர் வாங்கியவரும் அதனையே மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால், நிலத்துக்குப் பொருந்தாத யந்திரமும் நீண்ட நாள் கடனுமே மிஞ்சும்.

திறன் வேறு, பிடிப்பு வேறு

குதிரைத் திறன் என்பது ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு. ஒரு குதிரைத் திறன் 746 வாட்டுக்குச் சமம். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் காணப்படுவது எஞ்சினின் திறன். புல்வெட்டி, சுழல்கலப்பை முதலிய கருவிகளை ஓட்டும் பின்புறச் சுழல்தண்டுக்கு அதில் ஏறக்குறைய 80 முதல் 85 விழுக்காடுதான் போய்ச் சேரும். மண்ணில் சக்கரம் வழுக்குவதால், இழுப்பாகக் கிடைப்பது அதனினும் குறைவு.

இழுப்பைத் தீர்மானிப்பது திறன் மட்டும் அன்று. சக்கரம் மண்ணைப் பிடிக்க எடை வேண்டும். எடை மிகுந்தாலோ மண் இறுகும், ஈரத்தில் புதையும். செம்பனையின் உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கிறது. மேலே இறுகிய மண்ணை ஒருவாறு தளர்த்திவிடலாம். கனத்த அச்சின் பாரம் ஆழத்தில் உண்டாக்கும் இறுக்கமோ பல ஆண்டுகள் நிற்கும். ஆகவே எடை என்பது இருபுறமும் வெட்டும் வாள்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். கருவியை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து, கருவியின் பளுவையும் இழுப்பின் எதிர்விசையையும் பின்சக்கரங்களின் மேல் விழச் செய்தார். யந்திரத்தின் எடையைக் கூட்டாமலே பிடிப்பு கூடியது. அவருடைய டி.ஈ. 20 என்னும் டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவாயிற்று. அதன் திறன் 30 குதிரைக்கு உட்பட்டது. எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். இன்று சிறு டிராக்டர் என்று எண்ணப்படும் அளவுதான் அது. அந்த அளவைக் கொண்டே முழுப் பண்ணைகள் நடந்தன என்பதை, 50 குதிரை வேண்டும் என்று புறப்படுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்து ஏக்கரின் கணக்கு

செம்பனை நட்ட ஐந்து ஏக்கர் நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 7 டன் குலை என வைத்தால் மொத்தம் 35 டன். மாதம் இருமுறை அறுவடை என்றால் ஆண்டில் 24 தடவை. ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒன்றரை டன். விளைச்சல் மிகும் மாதங்களில் இது இரண்டரை டன்னாகலாம். அரை டன் ஏற்றும் சிறு டிரெய்லர் மூன்று நடையில், மிஞ்சினால் ஐந்து நடையில் இதனை வெளியே கொண்டுவந்துவிடும். அரைநாள் வேலை. மூன்று டன் டிரெய்லரும் அதனை இழுக்கும் பெரிய டிராக்டரும் இங்குப் பெரும்பாலான நாள்களில் சும்மா நிற்கும்.

இனிப் புல் வெட்டும் கணக்கு. நான்கடி அகலப் புல்வெட்டி மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், திரும்புதலுக்கும் மரத்தை விலகிச் செல்வதற்கும் முப்பது விழுக்காடு கழித்தபின், மணிக்கு ஏறக்குறைய 0.8 ஏக்கர் முடியும். ஐந்து ஏக்கருக்கு ஆறு மணி நேரம். ஆறடிப் புல்வெட்டியானால் நான்கு மணி நேரம். ஆண்டில் நான்கு முறை வெட்டினால் மிச்சமாவது எட்டு மணி நேரம், அதாவது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக இருமடங்கு எடையுள்ள யந்திரத்தை வாங்கி, ஆண்டு முழுவதும் அதற்கு எண்ணெய் ஊற்றுவது கணக்கறிந்தவர் செயல் அன்று.

புல்வெட்டிக்கு ஓரடி அகலத்துக்கு 5 குதிரைத் திறன் சுழல்தண்டில் வேண்டும் என்பது பட்டறிவில் வந்த விதி. நான்கடிக்கு 20. எஞ்சின் கணக்கில் அது 24 அல்லது 25. ஆக, இந்த நிலத்தின் மிகக் கடினமான வேலையும் 25 குதிரைக்குள் அடங்கிவிடுகிறது. தோளில் தொங்கும் புல்வெட்டும் கருவியால் புல்லை முடித்துக்கொண்டு, குலை ஏற்றுவதற்கு மட்டும் யந்திரம் என்றால் 18 குதிரையே போதும்.

நிலம் முழுவதும் பால்மரமாக இருப்பின் விடை இன்னும் எளிது. ஐந்து ஏக்கரின் பாலையும் ஒட்டுப்பாலையும் சிற்றுடைமையாளர் பலர் மோட்டார் சைக்கிளில் கொண்டுசெல்கின்றனர். அங்கு டிராக்டரே வேண்டியதில்லை. இரண்டு ஏக்கர் காய்கறி நிலமாயின், கைப்பிடித்து நடந்து ஓட்டும் இருசக்கர உழவு யந்திரம் போதும்.

உழத்தான் வேண்டுமா?

இருசக்கர யந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ரே விஜேவர்தனவை விட்டுவிட இயலாது. 1924இல் பிறந்து 2010இல் மறைந்த இந்த இலங்கைப் பொறியாளர், 1950களில் லேண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர டிராக்டரை உருவாக்கிப் பரப்பியவர். இலங்கையில் அந்த வகை யந்திரம் அனைத்துக்குமே லேண்ட்மாஸ்டர் என்பது பொதுப்பெயராகிவிட்டது. ஓர் யந்திரத்துக்கு இதனினும் பெரிய வெற்றி வேண்டியதில்லை.

ஆனால் பிற்காலத்தில் அந்த யந்திரத்தையே அவர் கேள்விக்கு உட்படுத்தினார். எருமையின் இடத்தில் யந்திரம் வந்தது. அதனால் விளைச்சல் பெருகிற்றா, மண் வளம் பெற்றதா, உழவரின் செலவு குறைந்ததா என்று கேட்டார். வெப்பமண்டல மழையில் சரிவு நிலத்தை உழுது வெறுமையாக்குவது மண்ணைக் கரைத்து ஓடவிடுவதே எனக் கண்டு, உழாமல் மண்ணை மூடிக் காக்கும் வேளாண்மைக்குத் தம் உழைப்பைத் திருப்பினார். சரிவுக்குக் குறுக்கே கிளிசிரிடியா போன்ற மரங்களை வரிசையாக நட்டு, அவற்றின் தழையையே உரமாக்கும் முறையை வலியுறுத்தினார்.

நெகிரி செம்பிலானின் சரிவு நிலங்களுக்கு இப்பாடம் நன்கு பொருந்தும். மலாயாத் தோட்டங்கள் இளம் பால்மரங்களுக்கு இடையே அவரை இனத்து மூடுகொடிகளை வளர்த்ததும் இதே காரணத்தால்தான். மரப்பயிர் நின்ற நிலத்தில் உழவு மிக அரிது. சுமப்பதும் வெட்டுவதுமே வேலை. எனவே இங்கு வேண்டுவது ஏர்மாடு அன்று, வண்டிமாடு. மறுநடவின்போது ஒருமுறை கனத்த வேலை வரும். அதற்குப் பெரிய யந்திரத்தை வாடகைக்கு அமர்த்துவதே முறை. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலையைக் கொண்டு அன்றாட யந்திரத்தின் அளவை முடிவு செய்யலாகாது.

ஏற்றத்தினும் இறக்கம் பெரிது

வண்டிமாட்டின் உண்மையான தேர்வு சரிவில் நடக்கிறது. 800 கிலோ எடையுள்ள டிராக்டர், டிரெய்லரும் பாரமுமாக இன்னொரு 800 கிலோவை இழுத்துக்கொண்டு, ஐந்தடிக்கு ஓரடி உயரும் பாதையில் நடைவேகத்தில் ஏறுகிறது. உருளும் தடையையும் சேர்த்து இதற்கு வேண்டும் திறன் ஏறக்குறைய 6 குதிரை. வழுக்கலுக்கும் பல்சக்கரத் தேய்வுக்கும் இடம் விட்டாலும் 10 குதிரையைத் தாண்டாது. திறன் இங்கே ஒரு பொருட்டே அன்று. மழை நனைத்த செம்மண்ணில் சக்கரம் பிடிக்குமா என்பதும், இறங்கும்போது அந்த 1,600 கிலோவை பிரேக் தாங்குமா என்பதுமே உயிரான வினாக்கள். முதல் வினாவுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு ஓரளவு விடையாகும். மண் உலரும் வரை காத்திருப்பது முழு விடையாகும். இரண்டாவது வினாவுக்கு, பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை டிராக்டரின் எடையை மிஞ்சலாகாது என்பது குறைந்த அளவுக் காப்பு. மென்மையான மயிற்பீலியும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்னும் உவமையை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருப்பதை ஆசிரியர்கள் அறிவர். குலை ஏற்றுவோருக்கு அது உவமை அன்று, நேரடி அறிவுரை.

டிராக்டர் கவிழ்வதே உழவர் உயிரைப் பறிக்கும் பெரிய விபத்து. 1959இல் சுவீடன் நாடு, ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் புதிய டிராக்டர்களில் இருந்தே ஆக வேண்டும் என விதித்தது. கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கு வெகுவாகக் குறைந்தது. சட்டகமும் இருக்கை வாரும் சேர்ந்தே காப்பு. வார் பூட்டாதவர் சட்டகத்துக்கு வெளியே எறியப்படுவார். சரிவில் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி இறங்குவதும், பாரத்தை இழுவைக்கென்று தாழ அமைந்த கொக்கியில் மட்டும் மாட்டுவதும் அடிப்படை விதிகள். உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி யந்திரம் பின்புறமாகக் கவிழும்.

வாங்குமுன்

ஜப்பானில் உழைத்து முடித்த சிறு டிராக்டர்கள் பழுதுபார்க்கப்பட்டுத் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் விற்கப்படுகின்றன. விலை குறைவு. ஆனால் அவற்றுள் பல சமதள நெல்வயலுக்கென்று உருவானவை. பழையவற்றில் காப்புச் சட்டகம் இராது. வாங்குவோர் சட்டகம், பிரேக், உதிரி உறுப்பு கிடைக்கும் இடம் ஆகிய மூன்றையும் விலைக்கு முன்னே விசாரிக்க வேண்டும். அருகருகே ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் நால்வர் சேர்ந்து ஒன்றை வாங்கினால், நல்ல யந்திரமும் கிடைக்கும். அது சும்மா நிற்கவும் செய்யாது. இருபது ஏக்கருக்கும் 25 குதிரை ஈடுகொடுக்கும் என்பதை மேலே கண்ட மணிக்கணக்கே காட்டும்.

ஆகவே வினாக்களின் வரிசை இதுவாக அமைய வேண்டும்: இந்த நிலத்தில் அடிக்கடி நடக்கும் கனத்த வேலை எது? மிகச் செங்குத்தான பாதை எது? மிகக் குறுகிய வழி எது? இவற்றுக்கு விடை கண்டபின் குதிரைத் திறனைக் கேட்கலாம். அப்போது அதன் விடை தானே வந்து நிற்கும். விற்பவர் யந்திரத்தைக் கடை வாசலில் ஓட்டிக் காட்டுவதோடு நிறைவடையலாகாது. உலர்ந்த நாளில், அளவான பாரத்தோடு, பழகிய ஓட்டுநரைக் கொண்டு, வாங்குவோரின் நிலத்துப் பாதையில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஏறிக் காட்டுவது பெரிதன்று. இறங்கும் வழியில் நிறுத்திக் காட்டச் சொல்ல வேண்டும்.