பழைய உழவு இயந்திரத்தின் நீர்ப்பம்பி ஒழுகுகின்றதா?

பெரும்போக உழவுக் காலத்தில் ஓர் உழவு இயந்திரம் சில நாட்கள் நின்றுவிட்டால், அதனை நம்பியிருக்கும் பல வயல்களின் விதைப்புப் பருவம் தவறிவிடும். முன்கூட்டியே அறியத்தக்கதாயிருந்தும் கவனியாது விடப்படும் பழுதுகளுள் நீர்ப்பம்பியின் ஒழுக்கும் ஒன்று. 1964இல் வெளிவந்த மசி பேர்குசன் 135, அதற்கு முந்திய 35 போன்ற பழைய நாற்சில்லு இயந்திரங்களை வைத்திருப்போர் இதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். “காலையில் ஒரு போத்தல் தண்ணீர் விட்டால் மாலைவரை ஓடும்” என்று நாட்களைக் கடத்துவோர் பலர். அந்த ஒரு போத்தல் எங்கே போகின்றது என்பதையே நீங்கள் கண்டறிய வேண்டும்.

நீர்ப்பம்பி எஞ்சினின் முன்புறத்தில், விசிறிக்குப் பின்னால் அமைந்துள்ளது. விசிறிப் பட்டியினாற் சுழலும் அதன் தண்டின் ஒரு முனையில் விசிறியும், மறு முனையில் நீரைத் தள்ளும் சில்லும் உள. தண்டைத் தாங்கும் பெயறிங்குக்கும் நீருக்கும் இடையே ஒரு சீல் உண்டு. சீல் தேய்ந்து கசியும் நீர் பெயறிங்கினுட் புகாது வெளியேறுவதற்காகவே பம்பியின் அடிப்புறத்தில் ஒரு சிறு துவாரம் விடப்பட்டிருக்கின்றது. இத்துவாரத்தை மரக்குச்சியால் அடைத்துவிட்டு, ஒழுக்கு நின்றதென மகிழ்ந்தோரைக் கண்டிருக்கின்றேன். அடைபட்ட நீர் பெயறிங்கிலுள்ள கிறீசைக் கழுவிவிடும். பெயறிங் சிதைந்து தண்டு ஆடத் தொடங்கினால் விசிறி றேடியேற்றரை வெட்டும். பம்பியோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பின்னர் றேடியேற்றர்வரை செல்லும்.

ஒழுக்கு பம்பியினதுதானா என்பதை முதலிற் தீர்மானியுங்கள். சுழலும் விசிறி நீரைப் பின்னோக்கி வீசுவதால் எஞ்சின் முழுவதும் நனைந்திருக்கும். நனைந்த இடமெல்லாம் ஒழுகும் இடம் அன்று. எஞ்சின் நன்றாக ஆறிய பின் முன்புறத்தைக் கழுவித் துடைத்து உலர விடுங்கள். கீழே காய்ந்த கடதாசி மட்டை ஒன்றை விரித்து, றேடியேற்றரை நிரப்பி மூடியை இறுக்கி, எஞ்சின் சூடேறும்வரை ஓடவிடுங்கள். விசிறிக்கு அருகே கையையோ சாரத்தின் நுனியையோ கொண்டு செல்லலாகாது. பின்னர் எஞ்சினை நிறுத்தி, கைவிளக்கும் சிறு முகக்கண்ணாடியும் கொண்டு பம்பியின் அடியைப் பாருங்கள். சில சீல்கள் சூடேறி அமுக்கம் கூடும்போதும், வேறு சில ஆறிய பின்னருமே கசியும். ஆகையால் மறுநாட் காலையில் எஞ்சினை இயக்குமுன்னரும் ஒருமுறை பார்த்தல் நன்று.

துவாரத்திலிருந்து துளி விழுந்தாலோ, அதன் கீழே வெண்ணிறக் கோடு அல்லது துருக்கோடு படிந்திருந்தாலோ சீல் பழுதென்று கொள்ளலாம். பம்பி எஞ்சினோடு சேரும் விளிம்பில் மட்டும் ஈரமிருப்பின் காஸ்கற் பழுது. பம்பியை மாற்ற வேண்டியதில்லை. மேல் இறப்பர்க் குழாயையும் மறவாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில், பம்பியிலிருந்தே நீர் வடிகின்றதென எண்ணிப் புதுப் பம்பி பூட்டுவித்தேன். மறுநாளும் ஒழுகியது. தளர்ந்திருந்த குழாய்க் கவ்வியின் ஆணியை இரண்டு சுற்று இறுக்கியதும் நின்றது.

எஞ்சின் நின்றிருக்கையில் விசிறியின் எதிரெதிர் இலைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தென்பட்டால், துளி விழாவிடினும் பெயறிங் தேய்ந்துவிட்டது. பட்டியைக் கழற்றிக் கையாற் சுழற்றும்போது கரகரவென்று ஒலித்தாலும் அவ்வாறே.

எங்கும் துளி காணாமல் நீர் குறைந்துகொண்டே போகின்றதா? மசகெண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் எஞ்சினை இயக்காது மெக்கானிக்கை அழையுங்கள். நீர் எஞ்சினுள்ளே செல்கின்றது.

கொதிக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஆபத்து. வயலில் நின்றுவிட்ட சூடான எஞ்சினுக்கு உடனே குளிர்நீர் ஊற்றுதலும் தகாது. எஞ்சினின் தலைப்பகுதி வெடிக்கக் கூடும். ஆறும்வரை பொறுத்திருங்கள். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் உள்ளே படிவு கட்டும். கடலோர உவர்நீர் உலோகத்தை அரிக்கும். வடித்த மழைநீரும் துருத்தடுப்புத் திரவமுமே ஏற்றவை.

பம்பியை மாற்றும்போது காஸ்கற்றையும் புதிதாக இடுங்கள். பட்டியை வீணைத் தந்திபோல் இறுக்கினால் புதுப் பெயறிங்கும் விரைவிற் தேயும். நடுவிற் பெருவிரலால் அமுக்க, சுமார் அரை அங்குலம் தாழ்ந்தால் போதும். புதுப் பம்பியின் துவாரத்தில் முதற் சில மணி நேரம் சிறிது ஈரம் தோன்றலாம். அது துளித்துளியாகத் தொடருமாயின் வாங்கிய இடத்திற்கே திருப்பிக் கொண்டு செல்லுங்கள்.